வெள்ளைக் கோடு போட்ட பாட்டில்

இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள், என் கண்ணுகளா. கதவைச் சாத்திவிட்டு வாருங்கள், ஜூலைக் குளிர்காற்று காதுக்குள் புகுந்து வெளியே வருகிறது. ஒரு மனிதன் இன்னொருத்தன் முகத்தைப் பார்த்தே ஒயினை ருசித்த கதையைச் சொல்லப்போகிறேன். பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து நான் கண்ணால் பார்த்தது. என் பங்குக் குற்றமும் அதில் உண்டு. அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

சிட்னிக்கு வடக்கே இந்த ஒயின் பள்ளத்தாக்கில், பொக்கோல்பினில், எங்கள் வேலிக்கு அடுத்த வேலி வில்ஃபிரட்டுடையது. வில்ஃப் என்றுதான் ஊரே கூப்பிடும். மனைவி சின்ன வயதிலேயே போய்விட்டாள். மூத்தவள் தெல்மா, அவளுக்கு நாலு வயது இளையவன் டெஸ்மண்ட், எங்களுக்கு டெஸ். அவனைத் தூக்கி வளர்த்தது தெல்மாதான்.

வில்ஃபின் நிலத்தில் உயர்ந்தது ஓடைக்கரைத் தோட்டம். கால் வைத்தால் புதைகிற வெள்ளை மணல். அதில் செமிலான் கொடி, அவருடைய அப்பா கையால் நட்டது. அந்த வெள்ளைத் திராட்சையின் ஒயின் இருக்கிறதே, முதல் இரண்டு வருஷம் எலுமிச்சைச் சாறு மாதிரித் துள்ளும். அப்புறம் வாயை மூடிக்கொண்டு தூங்கப் போய்விடும். நாலாம் வருஷத்திலிருந்து எட்டாம் வருஷம் வரைக்கும் எங்கள் பக்கத்தில் யாரும் அதைத் திறக்கமாட்டோம். திறந்தால் தண்ணீரும் புளிப்பும்தான் கிடைக்கும். பதினைந்து இருபது வருஷம் கழித்து அது எழுந்திருக்கும்போது பார்க்க வேண்டும். மரப்பீப்பாய் பக்கமே போகாத ஒயினில் வாட்டிய ரொட்டி மணக்கும், தேன் மணக்கும். எப்படி என்று என்னைக் கேட்காதீர்கள். அறுபது வருஷம் இதற்குள்ளேயே கிடந்தும் எனக்குத் தெரியாது.

எண்பத்தாறாம் வருஷம் ஜனவரிக் கோடையில் வில்ஃபுக்குக் குடல்வால் வீங்கிவிட்டது. நியூகாசிலுக்கு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். வலியில் முகம் வெளுத்திருந்தபோதும் காரின் கண்ணாடியை இறக்கி மகனிடம் சொன்னார்: "நான் வர்ற வரைக்கும் ஓடைக்கரையில கத்தரி படக் கூடாது."

மூன்றாம் நாள் ரேடியோவில் புயல் செய்தி வந்தது. குவீன்ஸ்லாந்துக் கரையிலிருந்து தெற்கே இறங்குகிறது, பேய்மழை கொட்டும் என்றார்கள். பழம் திரள்கிற நேரத்தில் மழை பிடித்தால் குலை குலையாக அழுகிப்போகும். டெஸ் ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டான். அப்பா மயக்கத்தில் இருந்தார். மறுநாள் விடிந்ததும் எங்களையெல்லாம் கூப்பிட்டுவிட்டான். நானும் வாளியைத் தூக்கிக்கொண்டு போனேன். இரண்டு நாளில் தோட்டம் மொட்டையாகிவிட்டது. இந்தப் பள்ளத்தாக்கில் எல்லோருமே கொஞ்சம் முன்னாடிதான் பறிப்போம். டெஸ் பறித்தது அதற்கும் பத்து நாள் முன்னாடி. ஒன்றை வாயில் போட்டுப் பார்த்தேன். பல் கூசிவிட்டது.

புயல் கடலுக்குள்ளேயே திரும்பிப் போயிற்று. ஒரு துளி விழவில்லை. அதற்கப்புறம் பத்து நாள் அடித்த வெயிலில் மற்றவர்கள் தோட்டங்களில் பழம் கண்ணாடி மாதிரி விளைந்தது.

வில்ஃப் தையலைப் பிடித்துக்கொண்டே ஓடைக்கரைக்கு நடந்து போனார். இலை மட்டும் நின்ற கொடிகளைப் பார்த்தார். ஒரு வாரம் மகனோடு பேசவில்லை. பிழிந்த சாற்றைக் கொட்ட மனமில்லாமல் ஒயினாக்கினார். ஆனால் பாட்டிலில் அடைக்கும் நாள் வந்தபோது, "என் பேரு இதுல வராது" என்று சொல்லிவிட்டார். லேபிள் ஒட்டவில்லை. சுண்ணாம்புப் பெயின்ட்டில் தூரிகையை முக்கி ஒவ்வொரு பாட்டில் கழுத்திலும் ஒரு வெள்ளைக் கோடு. விற்கக் கூடாது, விருந்தாளிக்கு வைக்கக் கூடாது என்பதற்கு அடையாளம். கொட்டகையின் பின்சுவரோரம் படுக்கவைத்துச் சாக்குப் போட்டு மூடினார். கூட நின்று அடுக்கிக் கொடுத்தவர் என் வீட்டுக்காரர் கிளாரி.

கிளாரியின் நாக்கைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டும். கத்தரிக்கோலைவிடக் கூர்மை. பொய் மட்டும் வராது. பாட்டிலில் அடைத்த அந்த வாரம் மதுக்கடைக்குள் டெஸ் நுழைந்ததும், "வாடா புளிக்காய்!" என்று குரல் கொடுத்தார். பெயர் ஒட்டிக்கொண்டது. கடைக்காரப் பெண் அவன் கேட்காமலே எலுமிச்சை ஜூஸைக் கொண்டுவந்து முன்னால் வைத்தாள். கூட்டமே சிரித்தது. நானும் சிரித்தேன், பிள்ளைகளே. விலா வலிக்கச் சிரித்தேன். அந்தக் குளிர்காலத்தில் டெஸ் குவீன்ஸ்லாந்துக்கு நிலக்கரிச் சுரங்க வேலைக்குப் போய்விட்டான். அப்பாவின் சாவுக்கு வந்தவன் தேவாலயத்தின் கடைசி வரிசையில் நின்றான். தேநீர் கொடுப்பதற்குள் கிளம்பிவிட்டான்.

இருபத்தெட்டு வருஷம் கழித்துத்தான் வீட்டுக்கு வந்தான். தொண்டையில் புற்று. கதிர்வீச்சு கொடுத்து எரித்ததில் குரல் பாதி போயிருந்தது. வாசனையும் ருசியும் முழுக்கப் போயிருந்தன. வசந்தம் வரைக்கும் தாங்கினால் அதிகம் என்று டாக்டர்கள் கைவிரித்துவிட்டார்கள்.

ஒரு வியாழக்கிழமை தெல்மா என் சமையலறைக்கு வந்து உட்கார்ந்தாள். கோட்டைக்கூடக் கழற்றவில்லை.

"ஐவி, அவன் ஒண்ணே ஒண்ணுதான் கேக்கறான். அந்தத் தோட்டத்தை நான் பாழாக்கினேனா இல்லையா, அது தெரிஞ்சாப் போதும்ங்கறான். அந்தப் பாட்டில்ல ஒண்ணைத் திறக்கச் சொல்றான்."

"திறக்க வேண்டியதுதானே?"

"அவனுக்குத்தான் வாய் செத்துப்போச்சே. நான் குடிச்சுச் சொல்றேன்னா நம்பமாட்டேங்கறான். 'நீ என்னை வளர்த்தவ, எப்படி இருந்தாலும் நல்லா இருக்குன்னுதான் சொல்லுவே. பொய் சொல்லத் தெரியாத ஒருத்தர் வேணும்'ங்கறான்."

ஜன்னல் வழியாக முற்றத்தைப் பார்த்தாள். அங்கே கிளாரி நாயைத் திட்டிக்கொண்டிருந்தார்.

"இவரா?" என்றேன்.

"இவர்தான் வேணுமாம்."

"தெல்மா, அது நல்லா இல்லேன்னா? மூஞ்சிக்கு நேரா சொல்லிடுவாரு."

"நானும் கேட்டேன். 'பாழ்னா பாழ்னு தெரிஞ்சுக்கிட்டுப் போறேன், இந்தச் சந்தேகத்தோட போக முடியாது'ங்கறான்." அவள் கைக்குட்டையை மடித்து மடித்துச் சின்னதாக்கினாள். "அது எப்படி இருக்கும்னு எனக்கும் தெரியாது. அப்பாவுக்கு அப்புறம் அந்தச் சாக்கை நான் தூக்கினதே இல்லை."

எங்கள் ஊர் வழக்கம் ஒன்று இதற்கு வசதியாக இருந்தது. விருந்துச் சாப்பாட்டில் பழைய பாட்டில் எது வந்தாலும் கால்பந்துக் காலுறையை மாட்டித்தான் மேசைக்கு வரும். எவருடையது, எந்த வருஷம் என்று குடித்துப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். சொன்ன பிறகுதான் காலுறை இறங்கும். ஆகவே கிளாரிக்குச் சந்தேகமே வராது. என் வேலை அவரைக் கூட்டிக்கொண்டு போவதும் வாயைப் பொத்திக்கொண்டிருப்பதும்தான். இரண்டாவதுதான் எனக்குக் கஷ்டம்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் போனோம். பூசணிக்காய் சூப் கொதித்துக்கொண்டிருந்தது. அடுப்புக்குள் ஆட்டுத்தொடை வெந்துகொண்டிருந்தது. டெஸ் எழுந்து வந்தான். சட்டை அவன்மேல் தொங்கியது. கழுத்தில் மெல்லிய துணி சுற்றியிருந்தான்.

"வாடா பு—" என்று ஆரம்பித்தார் கிளாரி. நான் அவர் காலை மிதித்தேன். "—வாடா டெஸ்" என்று முடித்தார்.

"ஏன் பாதியில நிறுத்திட்டீங்க, கிளாரி மாமா?" காற்றாகத்தான் வந்தது அவன் குரல். "முழுசாக் கூப்பிடுங்க. அங்க யாருக்கும் அந்தப் பேரு தெரியாது."

கிளாரி தொப்பியைக் கழற்றி முழங்காலில் வைத்துக்கொண்டார். அவர் தடுமாறி அன்றுதான் பார்த்தேன்.

தெல்மா சிவப்பும் நீலமுமான காலுறை போட்ட பாட்டிலைக் கொண்டுவந்தாள். கார்க் பாதியில் முறிந்தது. மீதியைக் கொஞ்சம் கொஞ்சமாக நெம்பி எடுத்தாள். நாலு கிளாஸில் ஊற்றினாள். முற்றிய வைக்கோல் நிறம், விளிம்பில் மட்டும் பச்சை நூல் ஓடியது. டெஸ் தன் கிளாஸைத் தொடவில்லை.

கிளாரி முகர்ந்தார். தலையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.

"சீ! நெருப்புக்குச்சியை உரசி நனைஞ்ச நாய் மேல அணைச்ச மாதிரி இருக்கு." ஒரு வாய் குடித்தார். "உள்ள ஒண்ணுமே இல்லை. எலும்பும் புளிப்பும். எவனோ காயைப் பறிச்சுப் போட்டிருக்கான். யாரோடது தெல்மா இது? வாரக் கடைசியில வந்து விவசாயம் பண்றானே அந்த சிட்னிக்கார பல் டாக்டர், அவனோடதா?"

நானும் முகர்ந்தேன். கிளாரி சொன்னதில் ஒரு எழுத்தும் தப்பில்லை.

டெஸ் இரண்டு உள்ளங்கையையும் மேசைமேல் ஊன்றி எழுந்தான். முகத்தில் கோபமும் இல்லை, அழுகையும் இல்லை. சாட்சி முடிந்து கூண்டைவிட்டு இறங்குகிறவன் மாதிரி இருந்தான்.

"நான் கொஞ்சம் படுக்கறேன்" என்றான்.

"உக்காரு" என்றாள் தெல்மா. ஆறு வயதுப் பையனிடம் பேசுகிற குரல் அது. "சூப் ஊத்தியாச்சு. சாப்பாட்டு நேரத்துல என்ன படுக்கை?"

அவன் உட்கார்ந்தான். சாப்பிடவில்லை. கரண்டியால் சூப்பில் வட்டம் போட்டுக்கொண்டிருந்தான்.

கிளாரி பாட்டுக்குக் கொடி வெட்ட ஆள் கிடைக்காததைப் பற்றியும் காக்கட்டூக் கிளிகள் கம்பியைக் கடித்துத் தின்பதைப் பற்றியும் பேசினார். மேசையில் நாலு கிளாஸும் அப்படியே நின்றன. இருபத்தெட்டு வருஷமாகக் காற்றையே பார்க்காதது அது. எனக்குக் கையை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. வெறுமனே கிளாஸை எடுத்து மூக்கருகே கொண்டுபோனேன். நெருப்புக்குச்சி நெடி போயிருந்தது. எங்கேயோ பக்கத்து அறையில் யாரோ எலுமிச்சைத் தோலைக் கிள்ளின மாதிரி இருந்தது. கிளாஸைக் கீழே வைத்தேன். டெஸ் என்னைப் பார்க்கவில்லை. அவன் கண் கிளாரியை விட்டு நகரவேயில்லை.

கிளாரி கிண்ணத்தை ரொட்டியால் வழித்துத் தின்றார். ஊற்றியதை மிச்சம் வைக்கிற ஜாதி இல்லை அவர். கெட்டதோ நல்லதோ ஒரே மூச்சில் இறக்கிவிடலாம் என்று கிளாஸைத் தூக்கினார்.

"அந்தப் பம்பு ரிப்பேர்காரன் வந்தானா, வந்து என்ன சொல்றான்னா..."

நிறுத்தினார். பம்புக்காரன் என்ன சொன்னான் என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

மூக்கை உள்ளே விட்டார். கிளாஸைச் சுழற்றினார். கண்ணை மூடிக்கொண்டார். அடுப்புக்குள் கொழுப்பு வெடிக்கிற சத்தம் மட்டும் கேட்டது.

டெஸ் மேசைமேல் பாதி சாய்ந்திருந்தான். கிளாரியின் மூக்கு விரிந்தபோது அவன் மூக்கும் விரிந்தது. கிளாரி வாயில் வைத்து உருட்டியபோது அவன் கன்னம் அசைந்தது. கிளாரி விழுங்கினார். டெஸ்ஸின் கழுத்துத் துணிக்கு அடியில் தொண்டை ஏறி இறங்கியது.

"இன்னும் கொஞ்சம் ஊத்தும்மா" என்றார் கிளாரி. தேவாலயத்தில் பேசுகிற மாதிரிக் குரல் தணிந்திருந்தது.

தெல்மா ஊற்றினாள். அவர் அவசரப்படவில்லை. ரொம்ப நேரம் கழித்து, "வாட்டின ரொட்டி" என்றார். அப்புறம் இன்னும் கொஞ்ச நேரம். "தேன்மெழுகு. எலுமிச்சை போகலை, இருக்கு. கோபம்தான் போயிருக்கு." கண்ணைத் திறந்தார். "தெல்மா, நான் முதல்ல சொன்னதை மறந்துடு. தூங்கிட்டிருந்ததை எழுப்பி உதைச்சிருக்கேன். கிழட்டுப் புத்தி."

"யாரோடதுன்னு சொல்லுங்க" என்றாள் தெல்மா.

"அதைச் சொல்லணுமாக்கும்? உங்கப்பனோடது. ஓடைக்கரை மணலுக்குத்தான் இந்த ஈரக்கல் வாசம். எழுபது, இல்லேன்னா எழுபத்தொண்ணு. வில்ஃப் நல்லா இருந்த காலம். என்னைக்குப் பறிக்கணும்னு தெரிஞ்ச மனுஷன் இந்தப் பள்ளத்தாக்குல அவன் ஒருத்தன்தான்."

தெல்மா காலுறையைப் பிடித்தாள். இழுக்க முடியவில்லை. டெஸ் கையை நீட்டி உருவினான்.

பாட்டிலின் கழுத்தில் வெள்ளைக் கோடு.

கிளாரி மூக்குக் கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்தார். மறுபடி போட்டுக்கொண்டு பார்த்தார். விரலால் கோட்டைத் தடவினார். அது அவர் கையால் அடுக்கின பாட்டில்.

"எண்பத்தாறு" என்றார்.

"ஆமா, மாமா."

கிளாரி விரலைக் கோட்டிலிருந்து எடுத்துக்கொண்டார்.

டெஸ் அக்காவின் பக்கம் திரும்பினான். "அப்பா இதைக் குடிச்சாரா?"

தெல்மா நினைத்திருந்தால் வேறு மாதிரிச் சொல்லியிருக்கலாம். அவன் உண்மை கேட்டு வந்தவன் என்பதால் உண்மையையே சொன்னாள். "ஒரே ஒரு தடவை. நீ போய் நாலு வருஷம் கழிச்சு. அதோ, அந்தப் பாத்திரம் கழுவற தொட்டிகிட்ட நின்னபடியே திறந்தார். ஒரு வாய். 'பாழ்'னு சொல்லிட்டு மீதியைக் கொட்டிட்டார்."

"நாலாம் வருஷமா?" கிளாரி மேசையில் அடித்ததில் கரண்டி குதித்தது. "நாலாம் வருஷத்துலயா திறந்தான்? நாலுல தொடாதே, தொடாதேன்னு எனக்கே சொல்லிக்கொடுத்தவனாச்சே அந்த மனுஷன்! ஊத்தி வெச்சாவது பார்த்தானா?"

"உட்காரக்கூட இல்லை."

"கோபத்துல திறந்திருக்கார்" என்றான் டெஸ். சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் பார்த்தான். அப்பாவுக்காக இரங்குகிறானா, தனக்காகவா என்று எனக்குத் தெரியவில்லை. இரண்டும் கலந்துதான் இருந்திருக்கும்.

கிளாரி நாற்காலியை அவன் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"டெஸ்மண்ட்." முழுப் பெயரையும் சொல்லி அவனை அவர் அழைத்தது அதுதான் முதல் தடவை. "ஒண்ணு கேக்கறேன், மறைக்காம சொல்லு. அன்னைக்கு அந்தத் தோட்டத்துல நீ என்னத்தைப் பார்த்தே? எங்க யாருக்கும் தெரியாத எது உனக்குத் தெரிஞ்சுது?"

எதையாவது சொல்லியிருக்கலாம் அவன். விதை பழுத்திருந்தது, தோல் இளகியிருந்தது என்று என்ன சொல்லியிருந்தாலும் கிளாரி ஊர் முழுக்கக் கொண்டுபோய்ச் சேர்த்திருப்பார்.

"ஒண்ணும் தெரியலை, மாமா. பயந்துட்டேன். ரேடியோவைக் கேட்டுப் பயந்தேன், அவ்வளவுதான். அது காயாத்தான் இருந்துது. அப்பா தொடாதேன்னு சொன்னதைத் தொட்டேன். செஞ்சது தப்பு." மூச்சு வாங்கினான். "ஆனா பாழாக்கலை. அது வேற, இது வேற, இல்லையா மாமா?"

"வேறதான்டா" என்றார் கிளாரி. "வேறேதான்."

அப்போதுதான் டெஸ் தன் கிளாஸை எடுத்தான். ஒரு வாய் வைத்து நேரம் எடுத்துக்கொண்டு விழுங்கினான். அவன் முகத்தை இப்போது நாங்கள் மூன்று பேரும் பார்த்தோம்.

"வாசனை ஒண்ணும் இல்லை. ஈறுல மட்டும் சுருக்குங்குது. புளிப்பா இருக்கணும்."

"அதேதான்" என்றார் கிளாரி. "அதுதான் இதைச் சாகவிடாம வெச்சிருக்கு. அந்த வருஷம் பழுக்கவிட்டுப் பறிச்சோமே நாங்கள்லாம், அதுல ஒரு பாட்டில் உயிரோட இல்லை இன்னைக்கு. என்னோடதையும் சேர்த்துத்தான் சொல்றேன்."

ஆட்டுத்தொடை கருகியே போயிருந்தது. அதையும் வெட்டித் தின்றோம். பாட்டில் தீரும் வரைக்கும் ஒயின் இன்னும் இன்னும் விரிந்துகொண்டேதான் இருந்தது. கிளாரி ஒவ்வொரு வாய்க்கும் நிறுத்தி இப்போது என்ன வருகிறது என்று டெஸ்ஸிடம் சொன்னார். வறுத்த முந்திரி என்றார். காய்ந்த புல் என்றார். ஒரு தடவை, "இது என்னன்னு தெரியலைடா, ஆனா எங்கம்மா ஞாபகம் வருது" என்றார். டெஸ் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினான். ருசி பார்த்து ஒப்புக்கொள்கிறவன் ஆட்டுகிற ஆட்டம் அது.

அப்புறம் நான் தட்டுக் கழுவினேன், அவன் துடைத்தான். சொல்லிவிடுவது என்று முடிவு பண்ணி, "டெஸ், அன்னைக்குக் கடையில உன் முன்னாடி எலுமிச்சை ஜூஸை வெச்சாங்களே, நானும்தான் சிரிச்சேன். ரொம்பச் சிரிச்சேன்" என்றேன்.

அவன் தட்டைத் துடைத்துக்கொண்டே யோசித்தான்.

"நீங்க அங்க இருந்தீங்களா, ஐவி அத்தை? எனக்கு ஞாபகமே இல்லையே."

அவனுக்கு நேர் எதிரே உட்கார்ந்திருந்தேன், பிள்ளைகளே. அன்று முழுக்க உண்மையைத் தவிர வேறெதுவும் வேண்டாம் என்று இருந்தவன், எனக்காக மட்டும் அந்த ஒன்றைச் சொன்னான். நான் வாங்கிக்கொண்டேன்.

செப்டம்பரில், வசந்தம் பிறந்து கொடிகளில் துளிர் வெடிக்கிற வாரத்தில், அவன் போய்ச்சேர்ந்தான். சாவுக்கு வந்தவர்களுக்குக் கொடுக்க தெல்மா ஆறு பாட்டிலைக் காலையிலேயே திறந்து வாயகன்ற ஜாடிகளில் ஊற்றிவைத்தாள். கிளாரி வாசலிலேயே நின்றார். வந்தவர் ஒவ்வொருவரிடமும் இது டெஸ்மண்ட் செய்தது என்று சொன்னார். அதில் தன் தப்பு எது, வில்ஃபின் தப்பு எது என்று கேட்காதவர்களுக்கும் சொன்னார்.

அவ்வளவுதான், கண்ணுகளா. வீட்டுக்குப் போங்கள். உங்கள் அடுப்பு அணையாமல் இருக்கட்டும், உங்கள் மேசையில் நாற்காலி குறையாமல் இருக்கட்டும். உங்களில் யார் வீட்டிலிருந்தாவது ஒருத்தர் மனம் கசந்து போயிருந்தால், அவர் நாக்கில் ருசி இருக்கும்போதே திரும்பி வரட்டும். அவர் வரும் நாளில் உங்களுக்கும் அவசரமில்லாமல் இருக்கட்டும்.